நீங்கள் தாளித்த என் தழைப்பொடி

அண்ணி, நீங்கள் சமையல் வேலை பார்த்த வானூர் விருந்தினர் விடுதியிலிருந்து உங்கள் பொருள்களைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இரண்டு புடவை, மூக்குக் கண்ணாடி, ஜெபமாலை, ஒரு புட்டி. புட்டிக்குள் காய்ந்த தழைப்பொடி. மேலே உங்கள் பெயர் அச்சடித்த சீட்டு. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். பேசுகிறவர்கள் பேசட்டும்.

அந்தக் கலவை என்னுடையது. தொண்ணூற்றெட்டில் வானூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் களையெடுக்கப் போய்க் கற்றுக்கொண்டது. பேசில், ஆரிகானோ, ரோஸ்மேரி என்கிற சீமைத் தழைகள் மூன்றையும் நிழலில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து, எலுமிச்சைத் தோலும் மிளகும் சேர்ப்பேன். திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தேன்.

"மாட்டுக்குப் போடுற தழைய வூட்டுக்குள்ள கட்டிக்கினு!" என்று சிரித்தவர் நீங்கள்தான்.

விடுதியை நடத்திய அம்மா சமையலுக்கு ஆள் தேடி, என் கைப்பக்குவம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த நேரத்துக்கு வீட்டுக்கே வந்தார். வேலை கிடைத்தால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம், உங்கள் அதிகாரத்திலிருந்து தப்பலாம். சாலட்டுக்கு வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி, எண்ணெயையும் பொடியையும் எடுத்துவைத்துவிட்டு எலுமிச்சைக்குக் கடைக்கு ஓடினேன். திரும்பினால் கடுகு வெடிக்கிற சத்தம். எண்ணெயைக் காயவைத்து, என் பொடியை அதில் போட்டு, காய்மேல் கொட்டிவிட்டீர்கள்.

"பச்ச எண்ணெய ஊத்திக் குடுப்பியா? இன்னாடி சமையல் இது?"

அந்த அம்மா இரண்டாம் முறையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தாங்க. இந்த நாத்தனாரு தழை உருவிக் காயவெக்கும், அவ்ளோதான்."

நான் வாங்கிவந்த எலுமிச்சையை அடுப்படியில் வைத்தேன். அண்ணன் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் அந்த வேலைக்கு நீங்கள் பஸ் ஏறினீர்கள். பதினைந்து வருடம் அங்கே நீங்கள் பேர் வாங்க, இங்கே உங்கள் பிள்ளைகளுக்கு நான் சோறாக்கினேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"நீ போயிருந்தா இந்த வூட்ட யாரு பாத்துக்கினு இருப்பா?" என்றீர்கள். அதற்காக உங்களை இன்றும் மன்னிக்கவில்லை.

நேற்று உங்கள் மகள் சாலட் கேட்டாள். எண்ணெயைக் காயவைத்தேன். கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்துப் பொடியைப் போட்டேன். வேறு மாதிரி செய்து பார்த்ததுண்டு, ருசி வருவதில்லை.

"அம்மா கை மணம் அப்டியே இருக்குது அத்தை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கலவை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். தாளிப்பு உங்களுடையது என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று மூடிக்கொண்டேன்.