கீழ்க்கழனிக் குருத்து

கார்த்திகை, வியாழன் இரவு

கீழ்க்கழனியில் வெள்ளம் நேற்றுதான் வடிந்தது. தண்ணீரைத் தாங்கும் என்று வேளாண்மை ஆபீஸில் கொடுத்த புது நெல் அங்கே நட்டிருக்கிறோம். பக்கத்துக் கழனி ஏழுமலையின் பழைய நெல் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நின்றது. எங்களுடையது வளராமல் அடியிலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் வீட்டுக்காரருக்கு ஆற்றாமை.

வடிந்ததும் கை வைக்காதீர்கள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இன்று நான் ஆரணிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் உழுதுவிட டிராக்டரை இறக்கிவிட்டார். ஓரமாக ஒரு சுற்று ஓடிவிட்டது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு ஓடினேன்.

"எல்லாம் அழுகிப் போச்சு. இன்னாத்துக்குப் பார்த்துகினு இருக்கணும்?" என்றார்.

"ஒரு குருத்தை இழுத்துப் பாருங்க. அழுகியிருந்தா கையோட வந்துடும். அப்புறம் உழுங்க."

குனிந்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றையும் இழுத்தார். அதுவும் வரவில்லை. டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். திட்டு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பார்த்தால், தண்ணீரில் நீண்டு மெலிந்திருந்த ஏழுமலையின் நெல் மொத்தமும் நிற்க வலுவில்லாமல் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பாவம், வரப்பிலேயே நின்றிருந்தார்.

"உங்களுது பொழைக்குமாம்மா?"

"இன்னும் தெரியலைங்க," என்றேன். பொய்யில்லை.

பொழுது சாய்ந்தும் வீட்டுக்காரர் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போனேன். உழுத ஓரத்தில் குந்திக்கொண்டு, புரண்டு கிடந்த தூர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். சோறு ஆறினால் ஆறட்டும்.