ஃபிளாஸ்க் இருந்த சீட்டு

என் மூத்த மகனுக்கு உம்மாவின் சலாம்.

உன் வாப்பா மௌத்தானதிலிருந்து நாலு மாதம் பத்து நாள் நான் வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா வியாழனோடு முடிகிறது. சனிக்கிழமை நுவரெலியாவில் பழைய கார் ரேஸ். வருஷா வருஷம் நம்ம ஒஸ்டின் காரை எடுக்கும்போது, "இந்தத் தரமாவது நீயும் வாவேன்" என்பார் வாப்பா. "அந்தப் புகைக்குள்ள எனக்கென்ன வேல?" என்று தேத்தண்ணி ஃபிளாஸ்க்கை மட்டும் கொடுத்துவிடுவேன். அதைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு தனியாகப் போவார்.

இந்த முறை நான் போக வேண்டும் மகன். ஓட்ட ஆளில்லை.

ஜனாஸா அடக்கத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். "இனி என் காரத் தொடாதே" என்று உன்னிடமிருந்து அவர் பறித்த சாவி, அவர் சட்டைப்பையில்தான் இன்னும் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அலுவிகாரை வீட்டுக்கு வந்து நீயே எடு. ஃபிளாஸ்க்கை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உம்மா