விரிப்புகளுக்குப் பின்னால் ஒரு ஃபோர் வீல்

அன்புப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். முப்பத்து நாலு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதே என்று போன வாரமும் சொன்னாய், கூப்பிட்டுப் பழகிய வாய், இனி மாறாது, விட்டுவிடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். மேலே பேசினால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கீழே நம் சலவைக் கடையில் பேசினால் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும், கத்தினால் மாடிக்குக் கேட்கும். இன்னொன்று, கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வண்டி வாங்கிவிட்டேன். ஆமாம், நீ வேண்டவே வேண்டாம் என்ற அதே பழைய ஃபோர் வீல் டிரைவ்தான். கொல்லை முற்றத்தில் நிற்கிறது, அப்பாவுக்குத் தெரியாது, எனக்கு மூன்று நாளாக நிலை கொள்ளவில்லை.

அறுபது வயதில் அம்மாவுக்கு ஜீப் ஓட்டும் ஆசையா என்று சிரித்தாயே, ஆசை எனக்காக இல்லை என்பது உனக்கும் தெரியும். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து ஒரு வருடம் படுத்திருந்த அப்பாவை, போன வருடம் டெலிவரி வேனில் மலைப் பாதையில் கூட்டிப்போனேனே, முதல் கல் ஏற்றத்திலேயே வேன் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது, யாரோ நாலு பேர் வந்து அப்பாவைத் தூக்கி இறக்கினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்பதை உன்னிடம் நான் சொல்லவில்லை. “அழுக்கு மூட்டை மாதிரி தூக்கிட்டாங்க, இனிமே அந்த மலைப் பேச்சே எடுக்காதே” என்றார். அதிலிருந்து வாசல் தாண்டவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கால்ல பலம் திரும்பிடுச்சும்மா, அவருக்குத்தான் எந்திரிக்க மனசு வரல” என்று சொன்னார். மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. நான் கீழே இறங்கியதும் தொலைநோக்கியை எடுத்து ஜன்னல் வழியாக அந்தப் பதினாலாம் நம்பர் மின்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், என் செருப்புச் சத்தம் கேட்டால் மெத்தைக்கு அடியில் தள்ளிவிடுவார். இருபத்தெட்டு வருடம் லைன் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கிய மலை, இப்போது கண்ணாடிச் சில்லு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நம் தெரு முனை மெக்கானிக்கிடம் போனேன், எதைக் கேட்டாலும் பொறுங்க பொறுங்க என்பாரே, பொறுமை என்று நீ பெயர் வைத்தாயே, அவரிடம்தான். நல்ல வண்டி எது என்று கேட்டதற்கு, “வண்டி கிடக்கட்டும்மா, போற பாதையைச் சொல்லுங்க முதல்ல” என்றார். மண் பாதை, இரண்டு சின்ன ஓடை, ஒரே ஒரு கல் ஏற்றம் என்றேன். அவ்வளவுதான் என்றால் ராட்சச டயரும் கூரை விளக்கும் வேண்டாம், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், வயிறு தரையிலிருந்து எழும்பி இருக்க வேண்டும், மெதுவாக ஏறுவதற்கு லோ என்று ஒரு தனி கியர் வேண்டும், உதிரி பாகம் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்க வேண்டும், இது நாலும் இருந்தால் பெயின்ட் உரிந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். இதோடு என் பங்குக்கு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். இருக்கை அப்பாவின் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அப்படியே சாய்ந்து நகர்ந்து உட்கார வேண்டும், யாரும் தூக்கக் கூடாது. கால்சட்டையைத் திருத்தப் போகிறேன் என்று டேப்பை எடுத்து அப்பாவை அளந்தேன். கால்சட்டையை அளக்காமல் என்னை எதற்கு இடுப்பிலிருந்து தரை வரை அளக்கிறாய் என்று கேட்டார், மூக்கில் வேர்த்துவிடும் மனுஷனுக்கு. நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தப்பித்தேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய வண்டி விற்பனைக் கூடத்தில், சிவப்பு நிறம், கண்ணைப் பறித்தது. விற்பனைக்காரப் பையன் கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் குப்பென்று அடித்தது. எனக்கு அங்கேயே பொறி தட்டியது. முப்பது வருடம் பிறத்தியார் அழுக்கை மோந்தவள் நான், எந்த வாசனையை எதை மறைக்கத் தெளிப்பார்கள் என்று எனக்கா தெரியாது? தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மோந்தேன், ஷாம்பூவுக்கு அடியில் சேற்று வாடை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், கோடு போட்ட மாதிரி பழுப்புக் கறை. அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வாரம் ஊர்த் துணியெல்லாம் நம் கடைக்கு வந்ததே, திரைச்சீலையில் எல்லாம் இதே கோடுதானே இருந்தது. தம்பி, இந்த வண்டி கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறது என்றேன். அவன் கூசாமல், “மேடம், அது பெல்ட்டோட டிசைன்” என்றான். என் காதிலேயே பூ சுற்றுகிறான் பார்! டிசைனுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது வண்டி ஒரு வாலிபனுடையது, டயர் என் மார்பு உயரம், டேப்பை வைத்துப் பார்த்தேன், அப்பா ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பொறுமை அடியில் படுத்துப் பார்த்து, பாறையில் போட்டு இடித்து அடித்தகடு முழுக்க நெளிந்திருக்கிறது, வேண்டாம் என்று கையாலேயே சைகை காட்டினார்.

மூன்றாவதுதான் நம்முடையது. மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்வரும் ஒரு கால்நடை டாக்டரம்மா வைத்திருந்தது. சாம்பல் நிறம், வெயிலில் வெளுத்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாத சாம்பல், பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு வடிவம். பார்த்ததும் என் முகம் தொங்கிப்போனது. ஆனால் டேப்பை வைத்தேன், பாப்பா, இருக்கை சரியாக அப்பாவின் இடுப்பு! பொறுமை அரை மணி நேரம் அடியில் கிடந்தார், சட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுத்தியலால் தட்டினார், கணீர் என்றால் இரும்பு, தொப்பென்றால் துரு என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் கணீர். பிரேக் குழாய் ஒன்று மாற்ற வேண்டும், முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு, அப்படியே நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க விட்டால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்துபோகும், நாலும் ஒரே அளவாகப் போட்டாக வேண்டும் என்றார். அதையும் சேர்த்தே நான் ஒதுக்கிய தொகைக்குள் முடிந்தது, கவலைப்படாதே. கழற்றிய பழைய டயர்கள் இப்போதைக்கு உன் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, திட்டாதே. டாக்டரம்மா சாவியைக் கொடுக்கும்போது, “ஏறாத இடம் கிடையாது, வேகம் மட்டும் கேட்காதீங்க” என்று வண்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். உள்ளே மாட்டு வாடை தூக்கியது, மாட்டு வாடையெல்லாம் எனக்கு ஒரு வாடையா, ஒரே நாளில் போக்கிவிட்டேன்.

அங்கேதான் ஒரு கூத்து நடந்தது. சுத்தம் செய்ய ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது என்பது தெரியுமே. இரண்டு இருக்கைக்கும் நடுவில் சின்னதாக இன்னொரு கியர்க் கம்பி இருக்கிறது, அதுதான் ஃபோர் வீல் கம்பி, சாலைக்கு ஒரு இடம், மண்ணுக்கு ஒரு இடம், சும்மா நிற்க ஒரு இடம், ஏற்றத்துக்கு லோ. எது எங்கே என்று தலைக் குமிழில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. குமிழ் பிசுபிசுவென்று இருந்ததால் கறை நீக்கும் திரவத்தைத் துணியில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். நம் கடைச் சரக்கு, மை, கிரீஸ் எதையும் விடாது, எழுத்தையும் விடவில்லை. வழுக்கை மண்டை மாதிரி பளபளவென்று இருக்கிறது, ஒரு கோடு கூட இல்லை. இருபது வருடம் சேறும் சகதியும் அழிக்காததை நான் ஒரு நிமிடத்தில் அழித்தேன். எது லோ, எது சும்மா என்று தெரியாமல் முழிக்கிறேன். பொறுமையிடம் கேட்கலாம், கேட்டால் ஊரே சிரிக்கும். இன்னொரு விஷயம், வண்டியை எங்கே ஒளிப்பது? அப்பாவின் ஜன்னலுக்கு நேர் கீழேதானே முற்றம். கயிற்றை ஒரு முழம் உயர்த்திக் கட்டி சலவைக்கு வந்த விடுதிப் படுக்கை விரிப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு அதன் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஒரே விரிப்பு மூணு நாளா காயுதே என்று நேற்று கேட்டார். வெயில் பற்றவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைத்து… ஐயோ, மழை தூறுகிறது, விரிப்பை எடுக்க வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

பாப்பா, இரண்டு நாள் கழித்து இதைத் தொடர்கிறேன். அன்று மழை என்றதும் பழக்க தோஷத்தில் ஓடிப்போய் விரிப்பையெல்லாம் மளமளவென்று உருவித் தோளில் போட்டேன். கடைசி விரிப்பை உருவும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்பதே உறைத்தது. அண்ணாந்து பார்த்தேன், ஜன்னலில் அப்பா, கையில் தொலைநோக்கி. இருபது அடியில் நிற்கும் வண்டியைத் தொலைநோக்கியில் பார்க்கிறார்! நான் நனைந்துகொண்டு அப்படியே நிற்கிறேன். ஜன்னலில் ஆள் மறைந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மாடிப்படியில் தடிச் சத்தம் கேட்டது. பத்தொன்பது படி, பாப்பா. இந்த இரண்டு வருடத்தில் நான் பிடிக்காமல் ஒரு படி இறங்கியதில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று கால் துடித்தது, ஆனால் போகவில்லை, விரிப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாக எண்ணினேன். பத்தொன்பதும் கேட்டது.

வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. மழையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரைத் தடியால் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார், கதவைத் திறந்து இடுப்பைச் சாய்த்து அப்படியே நகர்ந்து உட்கார்ந்தார், என் அளவு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. வலது கை தானாக அந்தக் குமிழுக்குப் போனது. தடவிப் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் எங்க?” என்றார். துடைத்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று பார்த்தால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார், உனக்குத் தெரியுமே அந்தச் சத்தமில்லாத சிரிப்பு, அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! என்னை ஏறச் சொல்லி கிளட்சை மிதிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தள்ளி, “இது ரோடு, இது மண்ணு, இது சும்மா, இது லோ, ஆபீஸ் வண்டியிலயும் இதே வரிசைதான்” என்றார். நீ காலால ஓட்டு, இதை நான் பார்த்துக்கிறேன் என்றார். இடது கை வராவிட்டால் என்ன, வலது கை முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது, அந்தக் குமிழும் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்று காலையில் போனோம். மண் பாதை வந்ததும் அப்பா குமிழை ஒரு இடம் தள்ளினார். இரண்டு ஓடையும் சலசலவென்று தாண்டிவிட்டோம். அந்தக் கல் ஏற்றம் வந்ததும் போன வருடத்து நாலு பேரும் கண் முன்னால் வந்தார்கள். “நிறுத்து. கிளட்ச். ம்ம். இப்ப மெதுவா விடு, ஆக்சிலேட்டரை உதைக்காதே, அது தானா ஏறும்” என்றார். ஏறியது பாப்பா! வயசான எருமை மாதிரி முனகிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கல் கல்லாக ஏறியது. நான் உரக்கக் கத்திவிட்டேன், சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மேலே போய் அப்பா தானே நகர்ந்து இறங்கினார், யாரும் தொடவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார், வேலி ஓரத்தில் புதர் மண்டிவிட்டது, யார் இப்போது டியூட்டி என்று கோபப்பட்டார். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து தொலைநோக்கியை எடுத்தார், நான் பார்த்துவிட்டேன் என்ற கூச்சமே இல்லை. ஊர்ப் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் தேடினார். கண்டுபிடித்ததும் என்னிடம் நீட்டி, பாரு என்றார். நம் வீடு, மாடி ஜன்னல், திறந்தே கிடக்கிறது, உள்ளே அவர் நாற்காலி. “யாரும் இல்ல பாரு” என்றார்.

எல்லா நலனும் பெற்று, நீ நினைத்த காரியமெல்லாம் இதே மாதிரி அவசரமில்லாமல் ஏறி உச்சிக்குப் போகட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். லீவில் வரும்போது குதிகால் செருப்பெல்லாம் வேண்டாம், அழுத்தமான காலணியாகக் கொண்டுவா. அத்தை போன் செய்தால் வண்டி விஷயம் உனக்குத் தெரியாத மாதிரியே கேட்டுக்கொள், அப்பா தானே சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும்போது பொறுமை குமிழைப் பார்த்துவிட்டார், புதிதாக எழுத்து எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பிரியமுள்ள,
அம்மா

அம்மாவுக்குத் தெரியாமல் இதை அப்பா எழுதுகிறேன். நன்றாக ஓட்டுகிறாள், சொன்னால் தலைக்கனம் ஏறும், நீயும் சொல்லாதே. அடுத்த ஞாயிறு பதினெட்டாம் கோபுரம்.