பொம்மைக்கு ஊசி போடும் அக்கா

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன்.

நீ கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அது இன்னும் மாறவில்லை. இப்போது அவருக்குச் சர்க்கரை கூடி, படுக்கும் முன் இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. ஊசியைக் கண்டாலே அம்மா அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அதனால் இணையத்தில் இருக்கும் உன் நர்சிங் பாட வீடியோவைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் வீடியோவை ஓடவிட்டபடி ஊசி போடும்போது, "யாரு பேசுறது?" என்று அப்பா கேட்டார்.

"யாரோ ஒரு நர்ஸ்ப்பா."

 ஆனால் வீடியோவில் நீ ஊசி போட்டுக் காட்டும் அந்த ரப்பர் பொம்மையிடம், "மூச்சை இழுத்து விடுங்க" என்றதும் இழுத்து விட்டார். யார் சொல்லியும் கேட்காத மனிதர்.

நேற்று, எல்லாம் மனப்பாடம் என்ற பெருமையில் போனை எடுக்காமல் போனேன். அப்பா ஊசிக்காகத் தூக்கியிருந்த சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வீடியோ எங்கே?"

"எனக்கே தெரியும்ப்பா."

"பெரிய டாக்டரு. எதையாவது மறந்து தொலைப்பே. போடு அதை."

போட்டேன். இத்தனை நாளும் ஊசி போட்டதுமே வீடியோவை நிறுத்திவிடுவேன். கடைசியில் பொம்மையிடம் குனிந்து நீ ஒன்று கேட்பாயே, அதை அவர் கேட்க விட்டதே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. நேற்று ஊசி போட்ட பிறகும் போனை அவர் பக்கத்திலேயே ஓடவிட்டுவிட்டு அறை வாசல்வரை வந்தேன்.

"வலிச்சுதாங்க?" என்றாய் நீ.

"இல்லம்மா" என்றார் அப்பா. பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்துவிட்டார்.

உன் தங்கை