எடுத்த குழாய்

தம்பிக்கு,

உன் மனைவி அமலிக்கு நேற்று சிதம்பரத்தில் ஆபரேஷன் முடிந்தது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நலமாக இருக்கிறாள்.

அவளுடைய கருக்குழாய் வீங்கி நீர் கோத்திருக்கிறது, அந்த நீர் கசிந்து கருப்பையில் வைக்கிற கருவைத் தங்கவிடாது, முதலில் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் உன்னிடம்தான் சொன்னார். படித்தவன் போலத் தலையாட்டினாய். கடலூருக்குப் போனதும் அம்மா, "கொழாய எடுத்துட்டா புள்ள எந்த வழியாடா வரும்?" என்றாள். ஐ.வி.எஃப். சிகிச்சையில் வெளியே உருவாக்கின கருவை நேராகக் கருப்பைக்குள்தான் வைக்கிறார்கள், குழாய்க்கு அங்கே வேலையே இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. "அம்மா மனசு கஷ்டப்படும்க்கா" என்று என்னிடம் முனகினாய். இரண்டு முறை கரு தங்கவில்லை. அதற்காக, நம் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க அமலியை அம்மா விடவில்லை. நீ பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் உறையவைத்ததில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கரு. அவள் உடம்பு தேறியதும் வைப்பார்கள். அதற்கு உன் சம்மதமும் வேண்டுமாம்.

"அத்தையக் கேக்காம கெளம்பி வந்தாருன்னா வரட்டும் அண்ணி" என்கிறாள் அமலி.

நீ கேட்டுவிட்டுத்தான் வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். கேட்காமல் வருவாய் என்று அவள்தான் இன்னும் நம்புகிறாள்.

அக்கா