நகர்த்தக் கூடாத திவான்

ஜூன் 14, 2025

ஹாலுக்கு வெளிர் பச்சை அடித்து முடித்தார்கள். திவான் கட்டிலின் ஈட்டி மரக் கறுப்புக்கு இந்த நிறம்தான் எடுக்கும் என்று மகள் ஹஸீபா பிடிவாதமாக நின்றாள். கல்யாணமாகி முதல் லீவில் என் வீட்டுக்காரர் வந்தபோது, செங்கோட்டையில் சொல்லிச் செய்தது. இருபத்தாறு வருஷம் துபாயில் கிடந்த மனுஷன் இந்த வீட்டில் தனக்கென்று கேட்ட ஒரே பொருள். வேலையை விட்டு மொத்தமாக வந்து இரண்டு மாசம் ஆகிறது.

ஜூலை இருபதாம் தேதி கடையநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பேச வருகிறார்கள். அதற்குள் திரை, கம்பளம், டீப்பாய் எல்லாம் வந்தாக வேண்டும்.

ஜூன் 17

திவானை ஜன்னலோரம் மாற்றிப் போட்டோம். வெளியே போய்விட்டு வந்தவர், அது பழையபடி இருப்பதாக நினைத்து உட்காரப் போனார். சுவரைப் பிடித்ததால் தப்பித்தார். அப்புறம் ஒரே சத்தம்.

"யாரு இதை நகட்டச் சொன்னது?"

மகள் அழுதுவிட்டாள். இவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டோம்.

ஜூன் 23

புது டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை.

ஜூன் 29

குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போனோம். ஈரப் படியில் என் கையைப் பிடித்தார் — அத்தனை கூட்டத்தில். வெளியிடத்தில் என்னைத் தொட்டதே கிடையாது. சந்தோஷப்பட வேண்டியவள் நடுங்கிப் போனேன். அவ்வளவு இறுக்கம் அந்தப் பிடியில். இவர் குளிக்கவும் இல்லை.

பைக்கை எடுப்பதில்லை. வாசலில் தயங்கித் தயங்கி நிற்கிறார். மறதி நோயா? மூளையில் ஏதாவதா? யார்கிட்ட கேப்பேன்? வெளியே தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நிக்குமா?

ஜூலை 5

தெரிந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து பார்த்தேன். தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு திவானின் கைப்பிடியைத் தொட்டு நின்றார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டே நடந்து எட்டாவது எட்டில் வாசல் நிலையைப் பிடித்தார். திரும்பவும் எட்டு, திவானுக்கு.

அடுப்பை அணைத்தேன். போய்க் கேட்டேன்.

"நேரா பாக்கது மட்டுந்தான் தெரியுது, அலிமா. ரெண்டு பக்கமும் இருட்டு. கண்ணுல அழுத்தம்னு அங்கன டாக்டரு சொன்னாரு. அதான் வேலைய விட்டு அனுப்பிட்டானுவ."

நிச்சயம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாதாம். ஹஸீபாவுக்கும்கூட. சரி என்றேன்.

ஜூலை 12

டீப்பாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கம்பளத்தைச் சுருட்டி மச்சில் போட்டேன். திவானுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சாமான் இல்லை. ஹால் மொட்டையாக இருக்கிறது என்று ஹஸீபா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

ஜூலை 19

நாளைக்கு. திவானிலிருந்து வாசல்வரை இன்னொரு தடவை கூட்டினேன்.

ஜூலை 20

பதினொரு பேர் வந்தார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட, நான் ஒழித்து வைத்த வழி அடைந்துவிட்டது. இவர் திவானை விட்டு எழவில்லை. மாப்பிள்ளை உவைஸ் பக்கவாட்டில் வந்து ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார். சத்தம் வந்த திசையை இவர் தேடினார். கை அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் உம்மா சைதூன் பீவியின் முகம் மாறியது. என்ன பொய் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் பேசிவிட்டார்.

"முன்னால வாங்க தம்பி. பக்கத்துல நின்னா எனக்குத் தெரியாது. கண்ணு போயிட்டிருக்கு."

உவைஸ் முன்னால் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் சோறு வைத்தேன். சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். செருப்பு மாட்டும்போது சைதூன் பீவி, இது பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார். அதுவரை அப்படி ஒரு பயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 24

போன் வரவில்லை. ஹஸீபா வாப்பா பக்கத்திலேயே இருக்கிறாள். அவளிடமும் மறைத்துவிட்டேன் என்று என்மேல் கோபம்.

ஜூலை 28

திருநெல்வேலியில் கண் டாக்டரைப் பார்த்தோம். போன பார்வை வராது. மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ஹஸீபாவையும் சோதித்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அவளே உவைஸுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள். நான் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3

சைதூன் பீவி பேசினார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டுக்காரரு அவராவே சொன்னாரு. அது போதும்." டிசம்பரில் நிக்காஹ்.

ஆகஸ்ட் 22

ஜும்ஆத் தொழுகைக்குக் கம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே வந்து அரிசி களைந்தேன்.