உயர்த்தி வைத்த தையல் மேசை

மார்ச் 4

அன்புள்ள டாக்டர் மாமாவுக்கு,

நாலு வீடு தள்ளி இருக்கும் கிளினிக்குக்குக் கடிதம் எழுதுகிறேனே என்று மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் "என்ன, வாயில்லாப் பூச்சி?" என்பீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரல் வரை பரவிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: "ஒன்றரை வருஷமா ரத்தம் போகுதுங்கறீங்க, யாருமே டெஸ்ட் எடுக்கச் சொல்லலையா?" அம்மா முந்திக்கொண்டு, "எங்க டாக்டர் அண்ணன் நல்லாத்தான் பாத்தாரு" என்றாள்.

ஒவ்வொரு முறை வந்தபோதும் மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுத்தீர்கள். "உக்காந்தே தச்சா இப்படித்தான், எழுந்து நில்லும்மா" என்றீர்கள். அன்றைக்கே தையல் மேசையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தி, நின்றுகொண்டே தைக்க ஆரம்பித்தாள்.

நான் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். உங்களிடம் இழப்பீடு கேட்கப் போகிறோம். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தையல்காரம்மா மகள்

மார்ச் 9

அன்புப் பூச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் கிளினிக்கைத் திறக்கவில்லை. உன் அம்மாவே மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, தப்பித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

வக்கீல் எதற்கு? ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் என் பொறுப்பு. உன் கல்லூரி விண்ணப்பத்துக்கு நற்சான்று எழுதியவன் நான். நம் வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடிப்போம்.

உன் மாமா

மார்ச் 13

டாக்டர் மாமாவுக்கு,

அந்த நற்சான்றில் "அமைதியானவள், ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டாள்" என்று எழுதியிருந்தீர்கள். விடமாட்டேன்.

நீங்களாகக் கொடுத்தால் அது உதவி. அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். இதற்குப் போய் அவள் நன்றி சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இது அவளுக்குச் சேர வேண்டியது. டாக்டர்கள் காப்பீடு எடுத்து வைத்திருப்பதே இதற்குத்தான் என்கிறார் வக்கீல்.

மனுவில் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள்.

"அண்ணன் மேலயா கேஸ் போடுவ? இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"இதுக்குந்தாம்மா."

"டிகிரி வாங்கினதும் வாய் நீண்டு போச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாயைத் திறந்து பேசுடி என்று இத்தனை நாள் திட்டியதும் அவள்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு முறைகூட ஏன் சோதித்துப் பார்க்கவில்லை?

தையல்காரம்மா மகள்

மார்ச் 20

பூச்சி,

காப்பீட்டுக்காரர்கள் உனக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றார்கள். எழுதுகிறேன்.

கூச்சம். அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளிடம், படுங்கள், பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் சங்கடப்படுவாள் என்று நினைத்துக்கொண்டேன். சங்கடம் என்னுடையது. முன்பின் தெரியாத ஒருத்தி வந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன், டெஸ்டுக்கும் அனுப்பியிருப்பேன்.

யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

மாமா என்று போட்டுக்கொள்ள இன்று கை வரவில்லை.

மார்ச் 24

டாக்டர் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அது உங்கள் வாயால் அவள் கேட்க வேண்டியது.

என் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியாது. ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை. அதனால் இதைக் கேட்கத் துணிகிறேன்.

மருந்து ஏற்றிவிட்டு வந்தால் அம்மாவுக்குக் கால் நிற்பதில்லை. ஆனாலும் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாக்கித் துணியை நின்றபடியே தைக்கிறாள். "கட்டையை எடுத்துடட்டுமாம்மா? உக்காந்து தைக்கலாம்ல?" என்றேன். "வேண்டாம். அண்ணன் நிக்கச் சொல்லியிருக்காரு" என்கிறாள்.

நான் சொல்லி அவள் எதையும் கேட்கப் போவதில்லை. வக்கீல் சொன்னாலும் கேட்கமாட்டாள். மனு கொடுக்க இந்த மாதம்தான் கெடு.

ஒரு முறை வீட்டுக்கு வாருங்கள், மாமா. முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். எனக்கு எழுதியதை அவளிடமும் சொல்லுங்கள். பிறகு பேனாவை நீங்களே எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பூச்சி